வவுச்சர் இல்லாத வலி

உங்கள் வீட்டில் யாருக்காவது முடி வலித்ததுண்டா?

'தலை வலிக்கும் சார், முடி எப்படி வலிக்கும்?' என்று சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நானும் சிரித்தவன்தான். அப்படிச் சிரித்ததற்காக ஒருத்தியிடம் வருத்தம் தெரிவிக்க எனக்கு முப்பது வருஷம் ஆனது. அந்தக் கதையைத்தான் இந்த வாரம் சொல்லப் போகிறேன்.

1994. திருச்சி. நான் பிளஸ் டூ, என் தங்கை ஒன்பதாம் வகுப்பு. அவள் படித்த பள்ளியில் இரட்டைப் பின்னல் கட்டாயம். எண்ணெய் வைத்து, நேர் வகிடு எடுத்து, இறுக்கிப் பின்னி, மடித்து, ரிப்பன் வைத்துக் கட்ட வேண்டும். நாலு முடி கலைந்திருந்தாலும் பிரேயரில் தனியாக நிறுத்திவிடுவார்கள். காலை ஏழேகால் மணிக்கு ஒரு கண் அடுப்பில் இருக்கும் பாலிலும், ஒரு கண் இவள் வகிட்டிலுமாக அம்மா நிற்பாள்.

மாதத்தில் இரண்டு மூன்று நாள் அந்த ஏழேகால் மணி போர்க்களமாகிவிடும். சீப்பு பட்டதுமே அலறுவாள். ''வேணாம்மா... முடியெல்லாம் வலிக்குதும்மா!''

''முடி வலிக்குதாம்டா இவளுக்கு!'' - அம்மா என்னைப் பார்ப்பாள்.

நான் இட்லியிலிருந்து தலையைத் தூக்காமலே சொல்வேன்: ''இன்னிக்கு கணக்கு டெஸ்ட்மா. அதான்.''

அவ்வளவுதான். ஒரு சாட்சி, ஒரு வாக்கியம், கேஸ் முடிந்தது. அவள் அழுதுகொண்டே இரட்டைப் பின்னலோடு பள்ளிக்குப் போவாள். சாயங்காலம் வந்ததும் வாந்தி எடுத்துவிட்டு, உள் ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு படுப்பாள். தோட்டைக் கழற்றி வைத்துவிடுவாள். போர்வையைத் தள்ளிவிடுவாள். 'ஃபேன் காத்து கையில குத்துது' என்பாள். அப்பா பாசமாகப் பக்கத்தில் உட்கார்ந்து நெற்றியில் தைலம் தேய்க்கப் போவார். அவர் கையைத் தட்டிவிடுவாள்.

''பெத்தவன் கையையே தட்டிவிடுறா பாரு, என்ன திமிரு!'' என்பாள் பாட்டி.

தலைவலி என்று அவள் சொன்னதை எங்கள் வீட்டில் ஓரளவு நம்பினோம். வாந்தி எடுக்கிறாளே! ஆனால் முடி வலிக்கிறது, தோடு வலிக்கிறது, கை வலிக்கிறது, காற்று குத்துகிறது என்று பட்டியல் நீள நீள, முதலில் நம்பியதையும் வாபஸ் வாங்கிவிட்டோம். தலைவலி என்றால் தலையில்தானே வலிக்கணும்? கை ஏன் வலிக்கணும்? எங்கேயோ இடிக்குதே!

இப்போது 2008-க்கு வாருங்கள். அமெரிக்காவில் ஒற்றைத் தலைவலிக்காரர்களுக்காக ஆய்வாளர்கள் ஒரு கேள்வித்தாளை வெளியிட்டார்கள். மொத்தம் பன்னிரண்டு அயிட்டங்கள். கடுமையான தலைவலி இருக்கும்போது கீழ்க்கண்டவற்றைச் செய்தால் தோலில் வலியோ, சகிக்க முடியாத உணர்வோ வருகிறதா என்று கேட்கிறார்கள். இந்தத் தாள் என் கைக்கு வந்தது போன வருஷம், தலைவலி மாத்திரைகள் பற்றி எழுதுவதற்காகத் தகவல் திரட்டிக்கொண்டிருந்தபோது.

முதல் அயிட்டம் என்ன தெரியுமா? தலை வாருவது.

இரண்டாவது, முடியைப் பின்னால் இழுத்துக் கட்டுவது. அப்புறம் ஷேவிங், மூக்குக் கண்ணாடி, கான்டாக்ட் லென்ஸ், தோடு, செயின், இறுக்கமான உடுப்பு, முகத்தில் விழும் ஷவர் தண்ணீர், தலையணை, சூடு, குளிர்ச்சி. எங்கள் வீட்டு உள் ரூமில் யாரோ ஒளிந்திருந்து குறிப்பெடுத்த மாதிரி இருந்தது. அந்த வருஷம் அவர்கள் வெளியிட்ட கணக்குப்படி ஒற்றைத் தலைவலி உள்ளவர்களில் நூற்றுக்கு 63 பேருக்கு இந்தத் தொந்தரவு உண்டு. உலகத்தில் ஒற்றைத் தலைவலிக்காரர்கள் நூறு கோடிக்கும் மேல். கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். பஸ்ஸில் உங்கள் பக்கத்து சீட்டில் ஒருவர் இருப்பார்.

இதற்குப் பெயர் 'அல்லோடினியா'. கிரேக்க வார்த்தை. 'அல்லோஸ்' என்றால் வேறு. 'ஒடினே' என்றால் வலி. சாதாரணமாக வலிக்கக் கூடாத ஒன்று வலிப்பது. பூ பட்டு வலிப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் யாராவது அப்படிச் சொன்னால் 'ராஜகுமாரி' என்று கிண்டல் செய்வோம்.

கை ஏன் வலிக்கிறது? இதைப் புரிந்துகொள்ள ஒரு சின்ன விஷயம் தெரிய வேண்டும். மூளைக்கு வலி தெரியாது. அதைச் சுற்றியிருக்கும் உறைக்கு வலி தெரியும். ஒற்றைத் தலைவலி வரும்போது முதலில் அந்த உறையில் இருக்கும் நரம்புகள் உசுப்பப்படுகின்றன. தலை விண்விண்ணென்று தெறிக்கிறது. குனிந்தால், இருமினால் உயிர் போகிறது. இது முதல் கட்டம். அந்த நரம்புகள் மூளைத்தண்டில் இருக்கும் ஒரு ஸ்டேஷனுக்குச் சேதி அனுப்புகின்றன. சேதி வந்துகொண்டே இருந்தால் அந்த ஸ்டேஷனும் கொதிநிலைக்குப் போய்விடும். உடனே முகம், உச்சந்தலை எல்லாம் தொட்டால் வலிக்கிறது. இது இரண்டாம் கட்டம். அங்கிருந்து சேதி மூளைக்கு நடுவில் இருக்கும் தலாமஸ் என்ற பகுதிக்குப் போகிறது. அதுதான் தலைமைச் செயலகம். தலை, கை, கால் என்று உடம்பின் எல்லா மூலையிலிருந்தும் ஃபைல்கள் வந்து சேருகிற இடம்.

நம் ஊர் நிர்வாகத்தை வைத்துச் சொல்கிறேனே. ஒரு கிராமத்தில் கலவரம். தாலுகா ஆபீஸுக்குப் புகார் மேல் புகாராகப் போகிறது. அங்கிருந்து கோட்டைக்குப் போகிறது. ஒரு கட்டத்தில் கோட்டையே டென்ஷனாகிவிடுகிறது. அதற்கப்புறம் எந்த ஊரிலிருந்து எந்த மனு வந்தாலும், கோயில் திருவிழாவுக்கு அனுமதி கேட்டு வந்த மனுவாக இருந்தாலும், 'கலவரம்' என்று சீல் குத்திவிடுகிறார்கள். கையில் ஃபேன் காற்று படுகிறது என்பது திருவிழா மனு. கோட்டை அதைக் கலவரம் என்று படிக்கிறது. என் தங்கைக்கு அன்று நடந்தது இதுதான்.

கற்பனை இல்லை, அளந்து பார்த்திருக்கிறார்கள். காயத்தால் மத்திய நரம்பு மண்டலமே உஷாராகி, வலியின் வால்யூமைக் கூட்டிவைத்துவிடும் என்று 1983-ல் லண்டனில் கிளிஃபோர்ட் உல்ஃப் என்ற விஞ்ஞானி எலிகளை வைத்துக் காட்டினார். 2000-ம் ஆண்டில் பாஸ்டனில் ராமி பர்ஸ்டீன் குழுவினர் 42 ஒற்றைத் தலைவலிக்காரர்களின் தோலைச் சோதித்தார்கள். சூடு, குளிர்ச்சி, அழுத்தம் ஒவ்வொன்றும் எந்த அளவைத் தொட்டால் வலியாக மாறுகிறது என்று, தலைவலி இல்லாத நாளிலும், இருக்கும் நாளிலும் அளந்தார்கள். 42 பேரில் 33 பேருக்குத் தலைவலி நேரத்தில் தோலின் பொறுமை குறைந்திருந்தது. ஒரே ஒரு நோயாளியை மணிக்கணக்கு வைத்துத் தனியாகவும் கவனித்தார்கள். தலைவலி ஆரம்பித்து ஒரு மணி நேரத்தில் வலிக்கிற பக்கத்துத் தலையில் மட்டும்தான் தொட்டால் வலித்தது. இரண்டு மணி நேரத்தில் தலையின் மறுபக்கம், அப்புறம் முன்கை. ஒற்றைத் தலைவலி, தலையை விட்டு இறங்கிக் கைக்கு வந்ததைக் கடிகாரம் வைத்துக் குறித்திருக்கிறார்கள்! 2010-ல் அதே குழு எலிகளிலும், ஸ்கேன் மூலம் மனிதர்களிலும் தலாமஸின் கொதிநிலையைப் பார்த்தது.

சரி, விஞ்ஞானம் போதும். நான் கேட்க நினைப்பது வேறு.

1994-ல் எங்களுக்கு இது எதுவும் தெரியாது. டாக்டர்களிலேயே முக்கால்வாசிப் பேருக்குத் தெரிந்திருக்காது. தெரியாமல் செய்தது தப்பா? 'எனக்குத் தெரியாதுப்பா, தெரிஞ்சிருந்தா அப்படிச் சொல்லியிருப்பேனா?' என்று என் மனசாட்சியைச் சமாதானப்படுத்த ரொம்ப முயற்சி செய்தேன். அது சமாதானமாகவில்லை. ஏனென்றால், பாஸ்டனில் ஒருவர் அளந்து காட்டிய பிறகுதான் என் தங்கையை நான் நம்ப வேண்டுமா? அவள் சொன்னது போதாதா?

நான் பி.காம். படித்தவன். கடைசி வருஷத்தில் ஆடிட்டிங் என்று ஒரு பேப்பர். அதில் முதல் பாடமே வவுச்சர்தான். பில் இருந்தால்தான் செலவு. 'பத்து ரூபாய்க்கு டீ குடித்தேன்' என்று கேஷியர் கோயிலில் சூடம் அணைத்துச் சத்தியம் செய்தாலும், காகிதம் இல்லையென்றால் ஆடிட்டர் பென்சிலால் சுழித்துவிடுவார். இந்தப் பழக்கத்தை நாம் ஆபீஸோடு நிறுத்திக்கொள்வதில்லை. வீட்டுக்கும் கொண்டுவந்துவிடுகிறோம். காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டர் வவுச்சர். எலும்பு முறிவுக்கு எக்ஸ்-ரே வவுச்சர். ரத்தம் வந்தால் ரத்தமே வவுச்சர். ஒற்றைத் தலைவலிக்கு? சாதாரண ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் பெரும்பாலும் எல்லாம் நார்மல் என்றுதான் வரும். 'ஒண்ணுமில்லையாமே' என்று சந்தோஷமாகச் சொல்வோம். வலிப்பவரின் காதில் அது 'நீ பொய் சொல்கிறாய்' என்று விழும்.

வலி என்பது வவுச்சர் இல்லாத செலவு. எல்லா வலியுமே அடிப்படையில் அப்படித்தான். தத்துவ மேதை விட்கென்ஸ்டைன் இதற்கு ஒரு வேடிக்கையான உதாரணம் சொன்னார். எல்லோர் கையிலும் ஒரு பெட்டி. உள்ளே இருப்பதை எல்லோரும் 'வண்டு' என்கிறார்கள். ஆனால், அடுத்தவர் பெட்டிக்குள் யாரும் எட்டிப் பார்க்க முடியாது. அவரவர் வண்டைப் பார்த்துத்தான் வண்டு என்றால் என்ன என்று தெரிந்துகொள்கிறார்கள். அவர் அதை மொழியைப் பற்றிப் பேசுவதற்காகச் சொன்னார். எனக்கு அது எங்கள் வீட்டு உள் ரூமை ஞாபகப்படுத்துகிறது. அவள் பெட்டி அவளிடம். அதற்குள் வண்டே இல்லை என்று இட்லி சாப்பிட்டுக்கொண்டே நான் தீர்ப்பு சொன்னேன்.

''அதெல்லாம் சரி சார். நடிக்கிறவங்களும் இருக்காங்களே?'' என்று நீங்கள் கேட்பது புரிகிறது. நியாயமான கேள்வி. நான் கேட்காத கேள்வியா?

இருக்கிறார்கள். பல வருஷம் முன்பு என்னோடு வேலை பார்த்த ஒருவர், பத்துப் பதினைந்து நாளுக்கு ஒரு முறை தலையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போவார். அவர் வேலையையும் சேர்த்து நான் செய்வேன். ஒருநாள் அவர் சட்டைப் பையிலிருந்து மேட்னி ஷோ டிக்கெட் விழுந்தது. அந்த டிக்கெட்டுக்கான தண்டனையை யார் அனுபவித்தார்கள் தெரியுமா? அதற்கப்புறம் எங்கள் செக்‌ஷனுக்கு வந்த ஒரு பெண். நிஜமாகவே ஒற்றைத் தலைவலிக்காரி. லீவு கேட்டபோதெல்லாம் 'டாக்டர் சர்ட்டிஃபிகேட் கொண்டு வாங்க' என்றேன். அவர் ட்யூப்லைட்டுக்குக் கீழே கண்ணை இடுக்கிக்கொண்டு, கம்மலைக் கழற்றி டிராயரில் போட்டுவிட்டு வேலை செய்தார். ஆறே மாதம், வேலையை விட்டுப் போய்விட்டார். ஒருத்தர் வாங்கிய கடனை இன்னொருத்தரிடம் வசூல் செய்திருக்கிறேன்.

கடன் என்றதும் ஞாபகம் வருகிறது. கடனுக்குச் சரக்கு கொடுக்கும் எந்த வியாபாரிக்கும் தெரியும், நூறு பேரில் இரண்டு மூன்று பேர் நாமம் போடுவார்கள் என்று. அதற்காக அவன் கடையை மூடுவதில்லை. 'ஐயக்கடன் ஒதுக்கு' என்று வருஷா வருஷம் ஒரு தொகையை ஒதுக்கி வைத்துவிட்டு, மீதிப் பேருக்குச் சிரித்த முகத்தோடு சரக்குக் கொடுக்கிறான். ஏமாறுவதற்கும் ஒரு பட்ஜெட் வைத்திருப்பவன்தான் வியாபாரி. பணத்துக்கே இந்தப் பெருந்தன்மை காட்டுகிற நாம், கூடப் பிறந்தவளின் வலிக்குக் காட்ட மாட்டேன் என்கிறோம்.

அதே ஆடிட்டிங் பேப்பரில் இன்னொரு பாடமும் உண்டு. பி.காம். படித்த எல்லோருக்கும் மனப்பாடம். 1896-ல் இங்கிலாந்தில் கிங்ஸ்டன் காட்டன் மில் வழக்கு. மில்லின் மேனேஜர் பல வருஷமாகச் சரக்குக் கையிருப்பைக் கூட்டிக் கூட்டி எழுதிக் கொடுத்தார். ஆடிட்டர்கள் நம்பிக் கையெழுத்துப் போட்டார்கள். குட்டு வெளிப்பட்டதும் ஆடிட்டர்கள் மேல் கேஸ். நீதிபதி லோப்ஸ் சொன்னதன் சாரம்: ஆடிட்டர் காவல் நாய், வேட்டை நாய் இல்லை. சந்தேகப்படக் காரணம் எதுவும் இல்லாதபோது, நம்பகமான ஊழியர்கள் சொல்வதை நம்ப அவருக்கு உரிமை உண்டு. நியாயமான கவனம் எடுத்துக்கொண்டால் போதும். ஏமாந்த ஆடிட்டர்கள் குற்றவாளிகள் இல்லை என்று கோர்ட் சொல்லிவிட்டது. இந்தத் தீர்ப்பை எழுதித்தான் பரீட்சையில் மார்க் வாங்கினேன். ஆனால், வீட்டில் வேட்டை நாயாகவே இருந்திருக்கிறேன்.

நம்பி ஏமாந்தால் எனக்கு என்ன நஷ்டம்? ஒரு நாள் லீவு. ஒரு கணக்கு டெஸ்ட். கொஞ்சம் முட்டாள் பட்டம். நம்பாமல் போனால் எதிராளிக்கு என்ன நஷ்டம்? இதைத்தான் நாம் கணக்கில் எழுதுவதே இல்லை.

முதல் நஷ்டம், நேரம். 2004-ல் அதே பர்ஸ்டீன் குழு இன்னொரு சோதனை செய்தது. 31 நோயாளிகள்தான், சின்ன ஆய்வு. ஒற்றைத் தலைவலிக்கென்றே இருக்கும் ட்ரிப்டான் வகை மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். தொட்டால் வலிக்கும் நிலை வராதபோது கொடுத்ததில், 27 தடவையில் 25 தடவை வலி முழுதாகப் போனது. அந்த நிலை வந்த பிறகு கொடுத்ததில், 34-க்கு வெறும் ஐந்து! அதாவது, கோட்டைக்கு டென்ஷன் ஏறுவதற்குள் மருந்து போய்ச் சேர வேண்டும். 'கொஞ்ச நேரம் பார்க்கலாம்', 'ஸ்கூலுக்குப் போனா சரியாயிடும்', 'எல்லாத்துக்கும் மாத்திரையா?' என்று நாம் விசாரணை கமிஷன் நடத்துகிறோமே, அந்த ஒரு மணி, இரண்டு மணி நேரம்தான் ரொம்ப விலை உயர்ந்த நேரம். (இதைப் படித்துவிட்டு நீங்களாகக் கடையில் மாத்திரை வாங்கி அடிக்கடி விழுங்காதீர்கள். வலி மாத்திரையை மாதக்கணக்கில் அடிக்கடி விழுங்குவதே தலைவலியைக் கொண்டுவரும். எந்த மருந்து, எப்போது என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். அதேபோல, இதுவரை வராத அளவு பயங்கரத் தலைவலி திடீரென்று வந்தால், அதற்கு ஆஸ்பத்திரிதான்.)

இரண்டாவது நஷ்டம் என்ன என்பது எனக்குத் தெரியாது. என் தங்கைதான் சொன்னாள்.

அந்தக் கேள்வித்தாளைப் படித்த ராத்திரியே அவளுக்குப் போன் செய்தேன். என்ன சொல்வதென்று யோசித்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோய், ''ஏண்டி, அப்ப உனக்கு நெஜமாவே முடி வலிச்சுதா?'' என்று உளறினேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், ''இதைக் கேக்கவா பத்தரை மணிக்கு போன் பண்ணே?'' என்றாள்.

விஷயத்தைச் சொன்னேன். பன்னிரண்டு கேள்விகளையும் வாசித்துக் காட்டினேன். அவள் அழவில்லை, கோபப்படவில்லை. ரொம்ப சாதாரணமாகச் சொன்னாள்: ''வலி போயிடும்ணே. ஒரு நாள், ரெண்டு நாள்ல தானா போயிடும். ஆனா நீங்க எல்லாரும் சொல்லிச் சொல்லி எனக்கே டவுட் வந்துடுச்சு. நெஜமாவே வலிக்குதா, இல்ல நாந்தான் நடிக்கிறேனான்னு. பிரசவ வலி வந்தப்பகூட நான் உடனே யார்கிட்டயும் சொல்லலை. இது வலிதானான்னு ரெண்டு மணி நேரம் உக்காந்து யோசிச்சுக்கிட்டிருந்தேன்.''

நான் போனை வைத்துவிட்டு வெகுநேரம் பால்கனியில் நின்றேன். ஒருத்தர் வலியை நம்பாமல் இருப்பது அவர் பேச்சை மட்டும் பொய்யாக்குவதில்லை. அவர் உடம்பு அவரிடமே பேசுவதையும் பொய்யாக்கிவிடுகிறது. கேஷியரை நம்பாத ஆடிட்டரைத் தெரியும். கேஷியருக்குத் தன் கண்மேலேயே நம்பிக்கை இல்லாமல் செய்துவிட்ட ஆடிட்டர் நான்.

இதில் இன்னொன்றையும் கவனியுங்கள். ஒற்றைத் தலைவலி ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகம். அதே வலி எனக்கு வந்து, 'முடி வலிக்குது, இன்னிக்கு ஷேவ் பண்ண முடியாது' என்று நான் சொல்லியிருந்தால், எங்கள் வீட்டில் யாரும் கணக்கு டெஸ்ட்டைப் பற்றிப் பேசியிருக்க மாட்டார்கள். உறுதியாகச் சொல்வேன். யார் சொல்கிறார்கள் என்று பார்த்துத்தான் நாம் வவுச்சர் கேட்கிறோம்.

சொல்லவே முடியாதவர்கள் கதை இன்னும் மோசம். 1980-களின் நடுப்பகுதி வரைக்கும் பச்சைக் குழந்தைகளுக்கு ஆபரேஷன் செய்யும்போது போதிய மயக்க மருந்தோ, வலி மருந்தோ கொடுக்காமல் செய்வது பெரிய பெரிய நாடுகளிலேயே நடந்தது. பிறந்த குழந்தையின் நரம்புகள் முதிரவில்லை, அதற்கு வலி தெரியாது என்று நம்பினார்கள். குழந்தை அழுதால் 'அது வெறும் அனிச்சை' என்றார்கள். இந்தியாவிலிருந்து ஆக்ஸ்போர்டு போன கே.ஜே.எஸ். ஆனந்த் என்ற இளம் டாக்டர், ஆபரேஷன் முடிந்து திரும்பி வரும் குழந்தைகள் துவண்டு வருவதைப் பார்த்துச் சந்தேகப்பட்டார். வலி மருந்து கொடுத்த குழந்தைகளுக்குப் பாதிப்பு குறைவு என்று ரத்தத்தில் அளந்து 1987-ல் நிரூபித்தார். அதற்கப்புறம்தான் வழக்கம் மாறத் தொடங்கியது. யோசித்துப் பாருங்கள். அதுவரை அழுத குழந்தைகள் எல்லாம் வவுச்சர் இல்லாமல் அழுதவை.

'தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால் தெரியும்' என்று நம் ஊரில் ஒரு பழமொழி உண்டு. ரொம்ப நாளாக அது எனக்குப் பிடித்த பழமொழி. இப்போது அதில் ஒரு ஓட்டை தெரிகிறது. தனக்கு வந்தால்தான் தெரியும் என்பது வாஸ்தவம். அதனால், தனக்கு வரும்வரை பேசாமல் இருக்கலாம் என்று அர்த்தமா? எனக்கு ஒற்றைத் தலைவலி கிடையாது. இனிமேல் வரப்போவதும் இல்லை என்று நினைக்கிறேன். அந்தப் பழமொழிப்படி பார்த்தால், என் தங்கையின் வலி எனக்குச் சாகும்வரை தெரியப்போவதில்லை. தெரியாது என்பதுதான் உண்மை. பிரச்னை என்னவென்றால், 'எனக்குத் தெரியாது' என்பதை நாம் 'அப்படி ஒன்று கிடையாது' என்று எழுதிவிடுகிறோம்.

கணக்கு டேலி ஆகாவிட்டால் அக்கவுண்டன்ட் என்ன செய்வார்? வித்தியாசத் தொகையை 'அனாமத்துக் கணக்கு' என்று தனியாக ஒரு பக்கத்தில் எழுதி வைப்பார். காரணம் புரிகிறவரை அது அங்கேயே இருக்கும். புரியவில்லை என்பதற்காக யாரும் அதைக் கிழித்துப் போட மாட்டார்கள். முடி வலிக்கிறது, காற்று குத்துகிறது என்று யாராவது சொன்னால், குறைந்தபட்சம் அனாமத்தில் எழுதி வைப்போமே! 1994-ல் என் தங்கை சொன்ன தொகைக்கு 2000-ல் பாஸ்டனிலிருந்து வவுச்சர் வந்தது. எல்லாத் தொகைக்கும் நம் ஆயுசுக்குள் வவுச்சர் வரும் என்று சொல்ல முடியாது.

1968-லேயே அமெரிக்காவில் மார்கோ மெக்காஃப்ரி என்ற நர்ஸ் தன் மாணவர்களுக்கு ஒரு விஷயம் சொல்லிக் கொடுத்தார். வலிப்பவர் எதை வலி என்கிறாரோ அதுதான் வலி. எப்போது வலிக்கிறது என்கிறாரோ அப்போதுதான் வலிக்கிறது. 2020-ல், வலி ஆய்வுக்கான சர்வதேச சங்கம் வலி என்பதற்கான தன் விளக்கத்தைத் திருத்தி எழுதியபோது, வலிக்கிறது என்று ஒருவர் சொன்னால் அதை மதிக்க வேண்டும் என்பதையும் அதன் குறிப்புகளில் சேர்த்துக்கொண்டது. ஒரு நர்ஸ் சொன்ன விஷயம் சங்கத்தின் குறிப்பில் ஏற அரை நூற்றாண்டு ஆகியிருக்கிறது. எனக்கு முப்பது வருஷம்தான் ஆனது என்று ஆறுதல் பட்டுக்கொள்ளலாம். படமுடியவில்லை.

போன மாதம் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். ஒற்றைத் தலைவலி குடும்பத்தில் தொடர்ந்து வரக்கூடியது. அவள் பெண்ணுக்கும் வந்திருக்கிறது. பதினைந்து வயசு. உள் ரூமில் படுத்திருந்தாள். முடியை விரித்துப் போட்டிருந்தாள். தோட்டைக் கழற்றி ஸ்டூலில் வைத்திருந்தாள். பார்த்ததும் மனசு கேட்காமல், தலையைத் தடவிக்கொடுக்கலாம் என்று கையை நீட்டிவிட்டேன். பாதி வழியில் நிறுத்தினேன்.

எங்கள் அப்பாவின் கை ஞாபகம் வந்தது. அவர் பாசமாகத்தான் நீட்டினார். ஆனால், பாசம் என்ன செய்ய வேண்டும் என்பதை அவரே முடிவு செய்துவிட்டார். அவளைக் கேட்கவில்லை. நாங்கள் யாருமே கேட்கவில்லை.

''என்னம்மா பண்ணணும் மாமா?''

கண்ணைத் திறக்காமலே சொன்னாள். ''ஒண்ணும் வேணாம் மாமா. அந்த லைட்டை மட்டும் அணைச்சுட்டுப் போங்க.''

அணைத்துவிட்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு வெளியே வந்தேன்.